வரப்பில் முட்டை, பாத்தியில் படம்: வேதாரண்யம் உப்பளத்தில் நெடுங்கால் உள்ளான்கள்

வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள உப்பளங்களில் ஒன்றில், ஏப்ரல் கடைசியில், ஆள் அதிகம் நடமாடாத ஒரு வரப்பில் நெடுங்கால் உள்ளான் என்ற கரைப்பறவையில் மூன்று ஜோடி முட்டையிட்டன. அந்த மூன்று கூடுகளைச் சுற்றி அடுத்த சில வாரங்களில் நடந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன். எந்த உப்பளம், எந்த வரப்பு என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்பது படிக்கும்போதே புரியும்.

அதே பறவைகளை இரண்டு விதமாகப் படமெடுத்தார்கள். ஒரு குழு கூட்டருகே போய் எடுத்தது. பிறகு நாங்கள் சிலர் கூட்டை விட்டு விலகி, அவை இரை தேடும் பாத்தியில் உட்கார்ந்து எடுத்தோம். பாத்தியில் எடுத்தவைதான் நல்ல படங்கள். பறவைக்குத் தொந்தரவு இல்லை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெளிச்சம், தெளிவு, பறவையின் நடத்தை என்று எதை வைத்துப் பார்த்தாலும் அவைதான் மேலானவை.

இடமும் காலமும்

வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. 2002இல் வேதாரண்யம் பெருஞ்சதுப்பையும் தலைஞாயிறு காப்புக்காட்டையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளை அடையாளம் காணக் காலில் வளையமிட்டு வருகிறது. கொசு உள்ளான், உப்புக்கொத்தி, கருவால் மூக்கன், பச்சைக்காலி என்று குளிர்காலத்தில் வரும் கரைப்பறவைகளைத் தேடித்தான் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். மார்ச், ஏப்ரலில் அந்தப் பறவைகள் வடக்கே கிளம்பிவிடும். படமெடுக்க வருபவர்களின் கூட்டமும் அதோடு குறைந்துவிடும்.

நெடுங்கால் உள்ளான் போகாது. கோடை ஏற ஏற அது கூடு வைக்கத் தொடங்கும். உப்பு விளைச்சல் மும்முரமாக நடப்பதும் அப்போதுதான். ஜனவரி, பிப்ரவரியில் வரப்புக் கட்டி, பாத்தி மிதித்து, மார்ச்சுக்குப் பிறகு உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை ஓடும். அதாவது பறவை அடைகாக்கும் மாதங்கள் முழுவதும் அதைச் சுற்றி ஆட்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள்.

உப்பளத்தில் எல்லாப் பாத்தியும் ஒன்றல்ல என்பது படமெடுப்பவருக்கு முதலில் தெரிய வேண்டும். தண்ணீர் முதலில் பெரிய பாத்தியில் தேங்கும். அங்கிருந்து ஒவ்வொரு பாத்தியாக மாறி மாறி வெயிலில் சுண்டும். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ மூன்றரை சதவீதம். அது சுண்டி, தொழிலாளர்கள் கருவியை மிதக்கவிட்டுப் பார்க்கும் கணக்கில் 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். பூத்த பாத்தியில் பறவைக்குச் சாப்பிட ஒன்றும் கிடையாது. நடுத்தர அளவுக்குச் சுண்டிய பாத்திகளில்தான் உப்பு ஈயின் புழுவும், ஆர்ட்டீமியா என்ற குட்டி இறாலும் கொழிக்கும். நெடுங்கால் உள்ளான் சாப்பிடும் இடம் அதுதான். வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்தி பின்னணிக்கு அழகாக இருக்கிறதே என்று அங்கே போய்க் காத்திருப்பவருக்குப் பறவை வராது. தண்ணீர் லேசாகச் சிவந்தோ பழுத்த பச்சையாகவோ, கணுக்கால் ஆழத்தில், ஓரத்தில் ஈ மொய்த்துக் கிடக்கும் பாத்தியைத் தேட வேண்டும். உப்பளத்து ஆளிடம் கேட்டால் ஒரு நொடியில் காட்டிவிடுவார்.

எங்கள் வரப்பு உப்புப் பாத்திகளுக்கு நடுவே இருந்தது. இரை தேடும் பாத்தி அங்கிருந்து சுமார் நூற்றைம்பது மீட்டர் தள்ளி, மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில்.

கூடு என்று இருந்தது இவ்வளவுதான்: வரப்பின் மேல் ஒரு சிறு பள்ளம், அதைச் சுற்றிக் காய்ந்த மண்கட்டி, உவர்நிலத்தில் வளரும் உமரிச் செடியின் குச்சி, உப்பு படிந்த சிப்பித் துண்டு. நடுவே நான்கு முட்டை, கூர்முனை உள்ளே பார்க்க. களிமண் நிறத்தில் கறுப்புத் திட்டு. இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால்கூடச் சட்டென்று கண்ணில் படாது. வழக்கமாக நான்கு முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அடைகாக்கும். முதுகு மினுமினுப்பான கறுப்பாக இருந்தால் ஆண், பழுப்பு கலந்திருந்தால் பெண். இதைக் கவனித்து வைத்துக்கொண்டால் யார் முறை நடக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். படத்துக்கு அது மிகவும் உதவும்; பின்னால் சொல்கிறேன்.

அந்தக் காலை

மே முதல் வாரத்தில் ஒரு படக்குழு வந்தது. ஆறு பேர், ஒரு வழிகாட்டி. எல்லாரிடமும் பெரிய லென்ஸ். உடுப்பு மண்நிறத்தில். பொறுப்பில்லாத ஆட்கள் என்று யாரும் அவர்களைச் சொல்ல முடியாது. கத்தவில்லை, குப்பை போடவில்லை, உப்பு அம்பாரத்தில் ஏறவில்லை. குளிர்காலச் சேற்றுத்திட்டில் கரைப்பறவையைப் படமெடுக்கச் சொல்லித்தரும் முறையை அப்படியே செய்தார்கள்: தாழ்ந்து, ஊர்ந்து, கூட்டிலிருந்து ஏறக்குறைய பதினைந்து மீட்டரில் தார்ப்பாயை விரித்துப் படுத்து, அசையாமல் காத்திருந்தார்கள். பறவை திரும்பிவந்து முட்டைமேல் உட்காரும் என்ற நம்பிக்கை.

பறவை திரும்பவில்லை. முதலில் நடு ஜோடி எழுந்தது. 'கிக் கிக் கிக்' என்று விடாமல் கத்திக்கொண்டு தலைக்கு மேலே வட்டமிட்டது. அதைப் பார்த்து மற்ற இரண்டு ஜோடியும் எழுந்தன. பிறகு ஒன்று கொஞ்சம் தள்ளித் தரையிறங்கி, இறக்கை ஒடிந்ததைப் போலப் பாவனை செய்து, காலை மடித்து விழுந்து விழுந்து எழுந்தது. ஆளை முட்டையிலிருந்து விலக்கிக் கூட்டிப்போகப் பறவை செய்யும் வேலை அது. குழுவில் இரண்டு பேர் அதைத்தான் விடாமல் எடுத்தார்கள். பார்க்க அபாரமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது தன் முட்டையைக் காப்பாற்றத் தவிக்கும் பறவை. அதைப் பறவையின் நடனம் என்று தலைப்பிட்டுப் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு படத்தைப் பார்த்தாலே, எடுத்தவர் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மணி எட்டரை தாண்டியிருந்தது. மே மாத வெயில். இங்கேதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இந்தப் பருவத்தில் நெடுங்கால் உள்ளான் கூட்டில் உட்காருவது பாதி நேரம் முட்டைக்குச் சூடு தருவதற்காக அல்ல, வெயில் படாமல் மறைப்பதற்காக. உச்சிவெயிலில் உட்காராமல், முட்டைமேல் கால் பரப்பி நின்று நிழல் கொடுக்கும். அதுவும் போதாது என்றால் தண்ணீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் அமரும். திறந்து கிடக்கும் உப்பு வரப்பில், நிழலே இல்லாத இடத்தில், முட்டை சூடேறிக் கரு சாவதற்கு நாள் கணக்கு தேவையில்லை. பெற்றோர் விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். பறவைகளின் சத்தத்தைக் கேட்டு இரண்டு காக்கையும் ஒரு செம்பருந்தும் அதற்குள் வந்துவிட்டன.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துப் பாத்தியிலிருந்து உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கைந்து பெண்கள் அதே வரப்பின் மறுமுனையில் நடந்துபோனார்கள். கடைசிக் கூட்டுக்கும் அவர்களுக்கும் இடையில் பத்து மீட்டர்கூட இருக்காது. அந்தக் கூட்டுக்காரப் பறவை அவர்களைச் சட்டை செய்யவே இல்லை. அதன் பார்வையெல்லாம் படுத்திருந்த ஆறு பேர் மேல்தான் இருந்தது.

என்னோடு நின்ற மேஸ்திரி அண்ணன் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: "நாங்க போறோம், வர்றோம். அதுக்கு எங்களத் தெரியும் தம்பி. இவங்க வந்து படுத்துக்கிட்டா அது எங்க போகும்?"

இந்த நிகழ்வின் மையமே அந்த வாக்கியம்தான். பறவை வெறுமனே மனிதன் என்பதற்காக அஞ்சவில்லை. தன் பக்கமாகத் திரும்பி, நின்று, தாழ்ந்து, கண் எடுக்காமல் பார்க்கும் உருவத்துக்கு அஞ்சுகிறது. இரையைப் பிடிக்க வரும் விலங்கு அப்படித்தான் நடந்துகொள்ளும். நேராக நெருங்குபவரைக் கண்டு சீக்கிரம் பறப்பதும், பக்கவாட்டில் கடந்துபோகிறவரை விட்டுவிடுவதும் பல பறவைகளிடம் காணப்படும் நடத்தை. சேற்றுத்திட்டில் படுத்திருப்பது பலன் தருவதற்குக் காரணம், அங்கே பறவை எங்கே வேண்டுமானாலும் போகலாம். தனக்கு வசதிப்பட்டால் நம் பக்கம் வரும். கூட்டில் அந்தத் தேர்வு அதற்கு இல்லை. முட்டை ஓரிடத்தில்தான் கிடக்கிறது.

வழிகாட்டியிடம் போய்ப் பேசினேன். "அண்ணே, முட்டை வெயில்ல கெடக்கு, இப்ப எழுந்து வந்துடுங்க" என்றேன். "நாங்க டிஸ்டர்ப் பண்ணலயே தம்பி, படுத்துத்தானே இருக்கோம்" என்றார். அவர் அதை மனப்பூர்வமாகவே சொன்னார். கூடைக்காரப் பெண்கள் திரும்பி வந்தபோது அந்தக் கடைசிக் கூட்டைக் காட்டினேன். பெண்கள் கடக்கும்போது பறவை எழுந்து நின்றது, கடந்ததும் உட்கார்ந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆட்களை எழுப்பினார். குழு வரப்பை விட்டு இறங்கி, சாலைப் பக்கம் போன சில நிமிடங்களில் மற்ற இரண்டு ஜோடியும் கூட்டுக்கு வந்துவிட்டன. நடு ஜோடியின் ஆண் நேராகக் கூட்டுக்கு வரவில்லை. முதலில் தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்தது, பிறகுதான் வந்தது.

மறுநாள் காலை நடுக்கூட்டில் முட்டை இல்லை. ஓடும் இல்லை. ஈர மண்ணில் குழுவினரின் காலடித் தடம் கூட்டின் பக்கமாக வந்திருந்தது. அதன்மேல் நாயின் தடம். ஆட்கள் நடந்த வழியைப் பிடித்துத்தான் நாய் வந்தது என்று நான் கருதுகிறேன். அந்தப் பருவத்தில் அதற்கு முன்பும் பின்பும் அந்த வரப்பில் நாய்த் தடத்தைப் பார்க்கவில்லை. மற்ற இரண்டு கூடும் தப்பின.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் விளக்கத்திலேயே பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி வேண்டாம், வலை வேண்டாம். சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வாங்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். உப்பளம் வெளியே இருக்கிறது, ஆகவே விதி எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் பலர் வருகிறார்கள். கூட்டைப் பற்றிய இந்த விதிக்கு வேலி கிடையாது.

கொட்டகையிலிருந்து

பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். படமெடுப்பவருக்குப் பயன்படும் பகுதி இதுதான்.

அடைகாக்கும் பறவை சாப்பிட்டாக வேண்டும். ஒன்று கூட்டில் இருந்தால் மற்றது இரை தேடும் பாத்தியில் இருக்கும். முறை மாறும்போது பறந்து வரும், பறந்து போகும். ஆணா பெண்ணா என்று பிரித்தறியத் தெரிந்தால், பாத்தியில் இப்போது இருப்பது யார், அடுத்து வரப்போவது யார், எந்தத் திசையிலிருந்து வரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். பறக்கும் படத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பறவை எப்போது பறக்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம். கேமராவை அந்தத் திசையில் தயாராக வைத்திருந்தால் போதும்.

மோட்டார் கொட்டகை ஓலையும் தகரமும் வைத்துக் கட்டியது. ஆண்டு முழுக்க அங்கேயே நிற்பது. அதனுள் ஆள் போவதும் வருவதும் பறவைகளுக்குப் பழக்கம். மேஸ்திரி அண்ணனிடமும் உப்பளத்துக்காரரிடமும் கேட்டு, விடிவதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்தோம். புதிதாக மறைவு எதுவும் கட்டவில்லை. ஓலையில் ஏற்கெனவே இருந்த இடைவெளியே லென்ஸுக்குப் போதுமானது. கீழே மணல் மூட்டை, அதன்மேல் லென்ஸ். எட்டு மணிக்குள் பாத்தியின் இந்த ஓரத்துக்கு இரண்டு, மூன்று பறவை வந்துவிடும். பன்னிரண்டிலிருந்து பதினைந்து மீட்டரில், நம்மைப் பற்றிய நினைப்பே இல்லாமல் மேயும்.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கானல். உப்பளத்தில் வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று நெளியத் தொடங்கும். மே மாதத்தில் எட்டரை மணிக்குப் பிறகு நாற்பது மீட்டர் தூரத்தில் எடுக்கும் எந்தப் படமும் கூர்மையாக வராது. 600 மிமீ லென்ஸ் போட்டாலும், எவ்வளவு விலையுள்ள கேமரா என்றாலும் வராது. லென்ஸ் பெரிதாக்கிக் காட்டுவது அந்த நெளிவையும் சேர்த்துத்தான். ஃபோகஸ் சரியில்லை, லென்ஸில் கோளாறு என்று சர்வீஸுக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். லென்ஸில் ஒன்றும் இல்லை. பதினைந்து மீட்டரில் அதே கானல் பாதிகூடத் தெரியாது. ஆகவே பறவை தானாக நம் பக்கம் வருவதுதான் தெளிவான படத்துக்கு ஒரே வழி. அந்தக் குழு கூட்டருகே எடுத்த படங்களைப் பிறகு பார்க்கக் கிடைத்தது. பதினைந்து மீட்டரில் படுத்தவர்களுக்கு வெறும் முட்டையும் வரப்பும் தெளிவாக வந்திருந்தன. வட்டமிட்ட பறவைகள் எல்லாம் தூரத்தில், நெளிந்து, வெளிறிக் கிடந்தன.

வெளிச்சக் கணக்கு இந்தப் பறவையிடம் கொஞ்சம் கடினம். உடல் தூய வெள்ளை, இறக்கை அடர்கறுப்பு. பின்னால் உப்பு அம்பாரம் இருந்தால் கேமராவின் மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டடித்துவிடும். பின்னால் ஈரச் சேறு இருந்தால் நேர்மாறாக, வெள்ளை இறகு வெளுத்துப் போகும். பறவை இரண்டு அடி நகர்ந்தாலே பின்னணி மாறிவிடும் என்பதால் தானியங்கி முறையும் திருத்தமும் வைத்து ஓட முடியாது. நான் மேனுவலில் வைத்து, பறவையின் மார்பு வெள்ளை வெளுக்காத கடைசி அளவைப் பிடித்துக்கொள்வேன். வெயில் ஏற ஏறச் சில நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பேன். ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் பதியும் கோப்பு) கறுப்பு இறக்கையின் பச்சை மினுமினுப்பைப் பிறகு மீட்கலாம். வெளுத்த வெள்ளையை மீட்க முடியாது. கண் சிவப்பு, அதில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தால்தான் கண் கண்ணாகத் தெரியும். அதற்குச் சூரியன் நம் முதுகுப்பக்கம் தாழ்ந்து இருக்க வேண்டும். எங்கள் கொட்டகையின் திறந்த பக்கம் மேற்கே பார்த்திருந்ததால் காலை வெளிச்சம் தானாகவே சரியாக விழுந்தது.

ஷட்டர் வேகம்: நடக்கும் பறவைக்கு 1/1000 போதும். இரை கொத்தும் தலைக்கு 1/2000 வேண்டும். அது கொத்தும் வேகம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம். லென்ஸின் துளையை எஃப் 8இல் வைத்தால் அலகு நுனியும் கண்ணும் ஒரே தெளிவில் வரும்.

சட்டகத்தில் பலர் தவறுவது கால்களில். பறவை தெரிகிறதே என்று நெருக்கமாக வைத்தால், ரோஜாநிறக் கால் தண்ணீரைத் தொடும் இடம் வெட்டுப்படும், அல்லது பிம்பத்தின் தலை வெட்டுப்படும். இந்தப் பறவையின் பாதி அழகு காலிலும் அதன் பிம்பத்திலும் இருக்கிறது. காற்று இல்லாத விடியலில் பிம்பத்தையும் சேர்த்துக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுக்க வேண்டும். கொசு உள்ளானுக்குத் தரையோடு தரையாகப் படுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அது உள்ளங்கை அளவுப் பறவை. நெடுங்கால் உள்ளானின் கண்மட்டத்துக்கு வர, கொட்டகைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்தாலே போதும்.

அப்படி உட்கார்ந்த ஒரு காலையில், நான் பல ஆண்டுகளாக எடுக்க நினைத்த படம் கிடைத்தது. பெண் பறவை மேய்ந்து முடித்து, கூட்டுக்குக் கிளம்பும் முன் ஆழமான ஓரத்துக்கு நடந்துபோனது. காலை மடித்து வயிறு தண்ணீரில் படும்படி தாழ்ந்தது. உடலை இரண்டு பக்கமும் அசைத்தது. எழுந்தபோது வயிற்று இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு நீர் சொட்டியது. மறுபடியும் தாழ்ந்தது. நான்கைந்து முறை. பிறகு பறந்து நேராக வரப்புக்குப் போனது. முட்டைக்குக் குளிர்ச்சி கொண்டுபோகும் அந்த வேலையைக் கூட்டருகே இருந்து யாராலும் எடுக்க முடியாது. அது நடப்பதே தண்ணீரில்.

குஞ்சுகள்

அந்தக் குழு வந்ததே குஞ்சு படத்துக்காகத்தான். வழிகாட்டி பிறகு என்னிடம் சொன்னார். "முட்டை பொரிக்கிற நேரமா பாத்து வந்தா குஞ்சோட எடுக்கலாம்னு நினைச்சோம்." கணக்கு அவர்களுக்கு எதிராகவே இருந்தது. நெடுங்கால் உள்ளானின் குஞ்சு காக்கைக் குஞ்சு போலக் கூட்டில் வாய் பிளந்து கிடக்காது. பொரித்து இறகு உலர்ந்ததும் நடக்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கூட்டை விட்டுப் போய்விடும். இரையைத் தானே கொத்தித் தின்னும். பெற்றோர் ஊட்டுவதில்லை, காவல் மட்டும்தான்.

அப்படியென்றால் அவை எங்கே போகும்? இரை இருக்கும் பாத்திக்கு. கடைசிக் கூட்டில் பொரித்த மறுநாள், பெற்றோர் இரண்டும் குஞ்சுகளை வரப்போரமாக நடத்திக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பாத்திக்கு வந்துவிட்டன. உப்புப் பாத்தியின் குறுக்கே போகவில்லை. இரண்டு வரப்பைச் சுற்றி, உமரிச் செடியின் மறைவிலேயே வந்தன. வந்த இடத்தில் நாங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தோம். வந்து சேர்ந்தது மூன்று குஞ்சு. சாம்பலும் பழுப்புமாக, உடலுக்குப் பொருந்தாத நீளக் காலோடு, ஈரமண்ணில் ஈயைத் துரத்திக்கொண்டு ஓடின. தாய் ஒருமுறை எச்சரித்ததும் மூன்றும் அப்படியே தரையோடு படுத்துவிட்டன. செம்பருந்து கடந்துபோகும்வரை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே எது குஞ்சு, எது மண்கட்டி என்று பிரிக்க முடியவில்லை.

குஞ்சு இருக்கும்போது கொட்டகையிலிருந்து வெளியே வருவதற்கும் ஒரு முறை வைத்திருந்தோம். குஞ்சுகள் பாத்தியின் மறுபக்கம் போன பிறகுதான் கிளம்புவோம். கிளம்பும்போது நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், தொழிலாளர் நடக்கும் பாதையிலேயே நடப்போம். நின்று ஒரு படம் எடுக்கலாம் என்ற ஆசை வரும், எடுக்கக் கூடாது. பறவைக்கு நாம் கூடைக்காரர் போலத் தெரிய வேண்டும்.

பதிவிடுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். முட்டையோடும் கூட்டோடும் எடுத்த படத்தை நாங்கள் யாரும் வெளியிடவில்லை. தூரத்திலிருந்து ஆவணத்துக்காக எடுத்தவை மட்டும் இருக்கின்றன. குஞ்சுப் படங்களைப் பருவம் முடிந்த பிறகே வெளியிட்டோம், இடக்குறிப்பை நீக்கிவிட்டு. ஃபோனில் எடுக்கும் படத்தில் இடம் தானாகப் பதிவாகிவிடும். அதை அணைக்காமல் ஒரு நல்ல குஞ்சுப் படத்தை அன்றே போட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வரப்பில் எத்தனை வண்டி நிற்கும் என்பதை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். பறவையின் குரலை ஒலிபரப்பி வரவழைப்பதும், கூட்டுக்கு மேலே ட்ரோன் விடுவதும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

கருவியைப் பற்றி ஒன்று. உப்பளத்தில் காற்றே உப்பு. வீட்டுக்கு வந்ததும் லென்ஸையும் கேமராவையும் உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடல் பகுதியை ஒற்றி எடுத்து, பிறகுதான் உலர்ந்த துணி. முக்காலியின் காலை நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் ஒரே பருவத்தில் திருகு இறுகிவிடும்.

அடுத்த பருவம்

அடுத்த ஆண்டும் அதே வரப்பில் உள்ளான்கள் வந்தன. மேஸ்திரி அண்ணன் அந்த வரப்பைச் சீர்செய்யும் வேலையை ஜூலை வரை தள்ளி வைத்தார். கொடி நட்டோ கயிறு கட்டியோ அடையாளம் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றுவிட்டார். அடையாளம் வைத்தால் காக்கைக்கும் தெரியும், ஆளுக்கும் தெரியும். கேமராவோடு யார் வந்தாலும், "வரப்புப் பக்கம் போகாதீங்க, அங்க ஒண்ணும் இல்ல, கொட்டாயில போய் உக்காருங்க" என்று அனுப்பிவிடுகிறார். முந்தைய ஆண்டு வந்த வழிகாட்டியும் இப்போது ஆட்களைக் கொட்டகைக்குத்தான் அழைத்து வருகிறார்.

கொட்டகையில் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. மோட்டார் ஓடும்போது தரை அதிரும். மணல் மூட்டைக்குக் கீழே பழைய சாக்கை நான்காக மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் இறைப்பது பெரும்பாலும் காலை ஒன்பதுக்குப் பிறகு என்பதால், விடியற்காலையிலேயே வருபவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை. மூன்றாவதாக வருபவர் சாலையோர டீக்கடையில் காத்திருந்து, முதல் ஆள் எழுந்த பிறகு வரட்டும் என்பது இப்போதைய ஏற்பாடு.